அடோல்ஃப் சாக்ஸ்

அடோல்ஃப் சாக்ஸ் (நவம்பர் 6, 1814 - பெப்ரவரி 7, 1894) இன்றைய பெல்ஜியத்தில் பிறந்த இசைக்கருவி வடிவமைப்பாளர் ஆவார். சாக்சபோன் என்னும் காற்றிசைக் கருவியைக் கண்டுபிடித்தவர். காற்றிசைக் கருவிகளைச் சுருதி பிசகாமல் ஒலிக்கச் செய்வதில் வாழ்நாள் முழுவதும் ஈடுபட்டார்.

இளமை

டினான் நகரில் பிறந்த இவரது இயற்பெயர் அந்துவான் ஜோசப் சாக்ஸ். இவரது தந்தை பிரசெல்சில் இசைக்கருவிகள் செய்துவந்தார். சாக்ஸ் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் பயின்றார். 1838 இல் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாஸ் கிளாரினெட்டைத் திருத்தி அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1842 இல் பாரிசில் குடியேறினார். அதே ஆண்டு இசையமைப்பாளர் எக்டர் பெர்லியோஸ் இவரது புதிய கருவியைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதினார்.

சாக்சபோனும் சுருதியும்

கிளாரினெட்டின் குழல் பெரும்பாலும் உருளை வடிவானது. அதில் கீழ் ஸ்தாயியின் ஸட்ஜம் ஒலிக்கும் விரலமைப்பிலேயே மேலே தாவினால் அடுத்த ஸ்தாயியின் பஞ்சமம் ஒலிக்கும். எனவே இரு ஸ்தாயிகளுக்கும் விரலமைப்பு வேறுபடும். சாக்சபோனின் குழல் கூம்பு வடிவானது. அதில் ஸட்ஜத்திலிருந்து தாவினால் மேல் ஸட்ஜமே ஒலிக்கும். இதனால் இரு ஸ்தாயிகளிலும் ஏறக்குறைய ஒரே விரலமைப்புப் போதுமானது. இக்கருவிக்கு ஜூன் 28, 1846 இல் பிரெஞ்சுக் காப்புரிமை வழங்கப்பட்டது.

எனினும் வடிவம் மட்டுமே சுருதியை உறுதி செய்வதில்லை. வாய்முனையை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும். வெளியே இழுத்தால் இறங்கும். உதட்டின் இறுக்கத்தாலும் சுருதி மாறும். ஆகவே பயிற்சி இன்றியமையாதது. 1857 முதல் பாரிஸ் இசைக் கல்லூரியில் படைத்துறை இசைஞர்களுக்குச் சாக்ஸ் சாக்சபோன் கற்பித்தார். இவ்வகுப்பு 1870 இல் நின்றது. மீண்டும் 1942 இல்தான் தொடங்கப்பட்டது.

வழக்குகளும் நோயும்

1845 இல் பாரிசின் ஷான் தெ மார்ஸ் திடலில் நடந்த போட்டியில் சாக்சின் கருவிகளைக் கொண்ட குழு, பழைய முறைக் குழுவை வென்றது. பிரெஞ்சுப் படை இசைக்குழுக்களில் இவரது கருவிகள் இடம்பெற்றன. இதனால் வணிகத்தை இழந்த போட்டியாளர்கள் இவரது காப்புரிமைகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்காடினர். வழக்குச் செலவுகளும் கடன்களும் பெருகின. 1852, 1873, 1877 ஆகிய ஆண்டுகளில் இவர் நொடித்துப்போனார். 1850களில் உதட்டுப் புற்றுநோயால் துன்புற்று, பின்னர் குணமடைந்தார். சாக்சபோன் காப்புரிமை 1866 இல் காலாவதியானதால் பிறரும் அக்கருவியைச் செய்யத் தொடங்கினர்.

மறைவு

சாக்ஸ் 1894 இல் பாரிசில் வறுமையில் காலமானார். மொன்மார்த்ர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். சாக்சபோனை உலகெங்கும் பரப்பிய ஜாஸ் இசையின் எழுச்சியை அவர் காணவில்லை. யூரோ வருவதற்கு முன் பெல்ஜியம் வெளியிட்ட 200 பிராங்க் தாளில் அவரது உருவம் இடம்பெற்றிருந்தது.