உரமும் தந்தார், விஷமும் தந்தார்: விஞ்ஞானி ஹேபரின் கதை

நெல்லுக்குப் போடுற யூரியாவை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். யூரியா செய்ய அம்மோனியா வேணும். காற்றில் உள்ள நைட்ரஜனில் இருந்தே அம்மோனியா செய்யலாம் என்று காட்டியவர் ஃபிரிட்ஸ் ஹேபர். போரில் விஷவாயுவை இறக்கியவரும் இவரேதான்!

ஹேபர் 1868-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி பிரெஸ்லௌ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது போலந்தில் இருக்கிறது. அவர் பிறந்த சில வாரத்திலேயே அம்மா இறந்துட்டாங்க. வேதியியல் படித்துப் பேராசிரியர் ஆனார்.

காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆனா நெற்பயிரால அதை அப்படியே எடுத்துக்க முடியாது. 1909-ல் ஹேபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அதிக வெப்பத்தில், அதிக அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் என்பவர் அதைத் தொழிற்சாலையில் பெரிய அளவில் செய்தார். இன்று உலகத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த உரத்தால்தான் சோறு கிடைக்குது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. இரண்டு பக்கத்து வீரர்களும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துட்டாங்க. குளோரின் வாயு காற்றை விடக் கனமானது. தரையோட தரையா போய்க் குழிக்குள்ள இறங்கிடும். இதைத்தான் ஹேபர் ஆயுதமாக்கினார்.

1915 ஏப்ரல் 22, மாலை நேரம். பெல்ஜியத்தில் ஈப்ரஸ் என்ற ஊர்ப் பக்கம். காற்று எதிரிப் பக்கம் வீசும் வரை காத்திருந்து, ஆயிரக்கணக்கான சிலிண்டர்களை ஜெர்மன் படை திறந்து விட்டது. 150 டன்னுக்கு மேல் குளோரின்! மஞ்சளும் பச்சையுமா ஒரு மேகம் நகர்ந்து வந்தது. எதிரே இருந்த பிரெஞ்சு, அல்ஜீரிய வீரர்களிடம் முகமூடி கிடையாது. குளோரின் நுரையீரலில் உள்ள ஈரத்தோட சேர்ந்தால் அமிலம் ஆகிடும். நுரையீரலில் நீர் கோத்து, தண்ணியில மூழ்கினவங்க மாதிரி மூச்சு முட்டிச் செத்தார்கள்.

ஹேபரின் மனைவி கிளாரா. பிரெஸ்லௌ பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் முனைவர் பட்டம் வாங்கிய பெண். அவரும் வேதியியல் படித்தவர்தான். விஷவாயு போட்டுப் பத்து நாளில், மே 2-ஆம் தேதி, அவர் தன் உயிரை மாய்த்துக் கொண்டார். 12 வயசு மகனை விட்டுட்டு ஹேபர் மறுநாளே கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிட்டார்.

பிறகு எதிர்ப்பக்கமும் விஷவாயு போட்டது. பாஸ்ஜீன், தோலைக் கொப்புளமாக்கும் கடுகு வாயு எல்லாம் வந்தன. போர் முடிவதற்குள் சுமார் 90,000 பேர் வாயுவால் இறந்தார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

அம்மோனியாவுக்காக ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத விஞ்ஞானிகளை வேலையை விட்டு நீக்கச் சொன்னார்கள். ஹேபர் பதவி விலகி நாட்டை விட்டே போனார். எந்த நாட்டுக்காக விஷம் செய்தாரோ அந்த நாடே அவரை வேண்டாம் என்றது. 1934 ஜனவரி 29-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அவருடைய நிறுவனத்தில் பூச்சி கொல்லச் செய்த வாயுவின் இன்னொரு வகையை வைத்து, நாஜிகள் முகாம்களில் யூதர்களையே கொன்றார்கள்.

வேதி ஆயுதங்களை முழுசா தடை செய்யும் உலக ஒப்பந்தம் 1997-ல் நடைமுறைக்கு வந்தது.

தோழர்களே, நம்ம தண்ணித் தொட்டியில போடுற பிளீச்சிங் பவுடரிலும் குளோரின்தான் இருக்கு. கிருமியைக் கொன்று நம்மைக் காப்பாற்றுவதும் அதுதான், ஈப்ரஸில் மனுஷனைக் கொன்றதும் அதுதான். குளோரினுக்கு நல்லது கெட்டது தெரியாது. படிக்கிற நமக்குத்தான் தெரியணும்!