கட்டணமில்லாக் கல்வி தந்த கன்னங்கரா

இலவசக் கல்வியின் தந்தை என நாம் போற்றும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1884 ஒக்ரோபர் 13 இல், அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பே கிராமத்தில் பிறந்தார். ஊர்ப் பாடசாலையில் எழுத்தும் எண்ணும் கற்ற அவரை ஒரு புலமைப்பரிசில் காலி றிச்மண்ட் கல்லூரிக்குக் கொண்டுசென்றது. அது கிடைத்திராவிட்டால் அவரது படிப்பு ஊரோடு நின்றிருக்கக்கூடும். கணித ஆசிரியராகப் பணியாற்றிய பின், 1910 இல் சட்டத்தரணியானார்.

1931 இல் அவர் கல்வி அமைச்சரானபோது நாட்டில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. அங்கு படித்தோர்க்கு உயர் உத்தியோகமும் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளோ கட்டணம் அறவிட்டன. ஒரு பிள்ளைக்கு மட்டுமே பணம் கட்டக்கூடிய வீட்டில் மகளுக்கு முன் மகனே நின்றான்.

1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அவர் காலத்திலேயே நிறைவேறியது. அவர் தலைமைதாங்கிய விசேட குழு 1943 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. ஆரம்ப வகுப்புகளில் பிள்ளை தாய்மொழியிலேயே கற்க வேண்டும். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் கூடாது. இவையே அதன் முக்கிய விதப்புரைகள். செலவைக் காட்டிப் பலர் எதிர்த்தனர். அரசாங்க சபையில் 1944 இல் தொடங்கிய விவாதம் அடுத்த ஆண்டுவரை நீண்டது. 1945 ஒக்ரோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் கல்வியை முடித்த கிராமத்துப் பிள்ளைகள் மேலே படிக்கவென ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகளும் அவர் காலத்தில் எழுந்தன.

ஆயினும் 1947 பொதுத் தேர்தலில் மத்துகமைத் தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்தனர். பின்னர் இந்தோனேசியாவுக்கான தூதுவராகவும், உள்ளூராட்சி அமைச்சராகவும் பணியாற்றினார். அமைச்சராயிருந்தும் பணம் சேர்க்காத அவருக்கு முதுமையில் அரசாங்கமே உதவித்தொகை வழங்க வேண்டியதாயிற்று. 1969 செப்ரெம்பர் 23 இல் காலமானார்.

பாலர் வகுப்பிலிருந்து மருத்துவ பீடம்வரை கட்டணமின்றிப் படித்தவள் நான். இம்மலரை வாசிக்கும் சகோதரிகள் பலரும் அவ்வாறே வந்தவர்கள். சட்டம் கட்டணத்தை நீக்கியது. கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன் ஆகியவற்றின் செலவு இன்றும் பெற்றோர் தலையிலேயே விழுகிறது. அதனால் வகுப்பில் பின்தங்கும் சிறுமி ஒருத்தி நம் பாடசாலையில் இன்றும் இருப்பாள். நூற்றாண்டு விழாக் கொண்டாட்டத்தோடு அவளுக்கான நிதியொன்றையும் நாம் தொடங்குவோமாக. கன்னங்கராவுக்கு நாம் பட்ட கடனை அவளிடமே தீர்க்கலாம்.