கம்பைலரின் தாய் கிரேஸ் ஹாப்பர்



லேபில் நாம் எழுதுகிற சி புரோகிராமை இரண்டே விநாடியில் மெஷினின் மொழிக்கு மாற்றித் தருகிறதே, அந்தக் கம்பைலருக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முதல் பக்கத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவர்தான் கிரேஸ் ஹாப்பர்.

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் எப்படி அடிக்கிறது என்று பார்க்க, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டார். அவருடைய அம்மா அடிக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள் என்று மட்டும் சொன்னார். நம்ம வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

பதினாறு வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். லத்தீன் மொழியில் மார்க் குறைவு என்று இடம் கிடைக்கவில்லை. ஆம் நண்பர்களே, மொழிப் பாடம் அவரையும் தடுத்தது! அடுத்த ஆண்டு மறுபடி முயன்று சேர்ந்தார். 1928இல் பட்டம், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. கடற்படையில் சேரப் போனார். வயது அதிகம், எடை குறைவு என்றார்கள். சுமார் ஏழு கிலோ குறைவாம்! விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தார். அவரை ஹார்வர்டில் இருந்த மார்க் 1 என்ற கணிப்பொறிக்கு அனுப்பினார்கள். 51 அடி நீளம். விநாடிக்கு மூன்றே கூட்டல்! நம்ம பாக்கெட் கால்குலேட்டர் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

அந்தக் காலத்தில் எல்லாமே எண்களில்தான். ஏற்கெனவே சரியாக ஓடிய புரோகிராம் துண்டுகளை நோட்டில் எழுதி வைத்து, வேண்டும்போது பார்த்துக் காப்பி எடுப்பார்கள். காப்பி எடுக்கும்போது ஒரு எண் மாறினால் போச்சு! முகவரிகளையும் கையால் கூட்டி மாற்ற வேண்டும். ரெக்கார்டு நோட்டு காப்பி எடுக்கும் நமக்கு இந்தக் கஷ்டம் புரியும். கூட்டுவதும் காப்பி எடுப்பதும் மெஷினுக்குத்தானே நன்றாக வரும், அதையே செய்யச் சொன்னால் என்ன என்று அவர் யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் 1952இல் வந்த ஏ-0. துண்டுகள் எல்லாம் டேப்பில் இருக்கும். எந்தத் துண்டு வேண்டும் என்று நம்பரைச் சொன்னால் போதும், மெஷினே எடுத்துக் கோத்துக் கொள்ளும்.

எங்க அம்மாவிடம் கம்பைலர் பற்றிச் சொன்னபோது, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் மாதிரியா என்று கேட்டாங்க. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் இவ்வளவு எளிய விளக்கம் எனக்கே தோன்றவில்லை!

ஹாப்பர் வேலை செய்த யுனிவாக் மெஷினின் நினைவகம் 1000 சொற்கள். ஒரு சொல்லுக்கு 12 எழுத்து. அதற்குள் கம்பைலர் அடங்க வேண்டும். அதனால் புரோகிராமை ஒரே தடவை படித்து முடித்துவிட நினைத்தார். ஆனால் இன்னும் வராத ஓர் இடத்துக்குத் தாவச் சொன்னால் என்ன செய்வது? அந்த இடத்தின் முகவரி அப்போது தெரியாதே! காலேஜில் ஆடிய கூடைப்பந்து கை கொடுத்தது. பந்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஓடி, திரும்ப வாங்குவது போல, நினைவகத்தின் மூலையில் சிறு இடம் ஒதுக்கினார். தாவல் முதலில் அங்கே போகும். முகவரி தெரிந்ததும் அதை அங்கே எழுதிவிட்டால் சரி. இருபது ஆண்டு கழித்து, 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியபோதும் நினைவகம் சிறியதுதான். வேரியபிளை முதலில் டிக்ளேர் செய் என்று சி கேட்பது, மேலிருந்து கீழே ஒரே ஓட்டத்தில் படிக்கக் கம்பைலருக்கு உதவுகிறது.

கணிப்பொறியால் கணக்கு மட்டும்தான் போட முடியும் என்று பலர் ஹாப்பரை நம்பவில்லை. அவரோ எண்களை விட்டு ஆங்கிலச் சொற்களிலேயே புரோகிராம் எழுத வழி செய்தார். அதோடு நிற்காமல் அதே புரோகிராமைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். அமெரிக்க மெஷினுக்கு அந்நிய மொழி எப்படிப் புரியும் என்று மேலதிகாரிகள் அதிர்ந்து போனார்கள்! மெஷினுக்கு எல்லாச் சொல்லும் வெறும் குறிகள்தான் என்பது அவருக்குத் தெரியும். இந்த முயற்சியின் வழியில் 1959இல் கோபால் மொழி உருவாகத் தொடங்கியது. (நம்ம ஊர் கோபால் இல்லை!) இன்றும் பல வங்கிகளில் அது ஓடுகிறது.

1986இல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

நண்பர்களே, என் கூடத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒருவன், இங்கிலீஷ் வராதவனுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று பயந்து முதல் வருஷமே நின்றுவிட்டான். கணக்கில் எங்கள் எல்லோரையும் விட அவன் கெட்டி. சி மொழியின் 1989 தரநிலையில் அடிப்படைச் சொற்கள் முப்பத்திரண்டுதான். இஃப், வைல் எல்லாம் மெஷினுக்கு வெறும் குறிகள். இந்த மலரில் ஒன்றை அவன் வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். லத்தீனில் மார்க் குறைந்தவர் அடுத்த வருஷம் திரும்பி வந்தார். அவனும் வரட்டும்!