சரோஜா என்று பெயர் வைக்கச் செய்தவர்

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எழுபது எண்பது வயதுப் பெண்மணிகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கன்னியம்மா, அஞ்சலை, மேரி என்னும் பெயர்களுக்கிடையே சரோஜா என்ற பெயரும் அடிக்கடி வரும். குலதெய்வத்தின் பெயரையோ பாட்டியின் பெயரையோ சூட்டி வந்த குடும்பங்களில் இப்பெயர் எவ்வாறு நுழைந்தது? அதற்குப் பெரும் காரணம் ஒரு திரைப்படமும், அதை எடுத்த கே. சுப்ரமணியமும் ஆவர்.

அன்னார் 1904-இல் தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் பிறந்தார். சட்டம் பயின்று வக்கீலானார். ஆனால் மனம் சினிமாவிலேயே நின்றது. 1934-இல் 'பவளக்கொடி'யை இயக்கி, எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொணர்ந்தார். அதே வழியில் புராணக் கதைகளையே எடுத்துக் கொண்டிருந்தால் பணம் சேர்ந்திருக்கும்; இன்று நான் அவரைப் பற்றி எழுத வேண்டியிருந்திராது.

1937-இல் 'பாலயோகினி' வெளிவந்தது. உற்றாரால் கைவிடப்பட்ட ஒரு பிராமணப் பெண், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரரின் இல்லத்தில் அடைக்கலம் புகுவதாக அதில் வரும். விதவைப் பாத்திரத்திற்கு மெய்யாகவே விதவையான ஒரு பெண்மணியை நடிக்க வைத்தார். வைதிகர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. படத்தில் பெரியவர்களின் பொய்ம்மையைக் கேள்வி கேட்பவள் ஒரு சிறுமி. அச்சிறுமியாக நடித்தவர் சுப்ரமணியத்தின் சகோதரர் விசுவநாதனின் மகள், பேபி சரோஜா. அவரை இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்று கொண்டாடினார்கள். தமிழகமெங்கும் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயரிட்டார்கள். எங்கள் ஆயாவுக்கும் அப்பெயரே.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வளர்ந்த பெண் சொன்னால் வாயாடி என்று ஏசியிருக்கும் சமூகம், அதையே ஒரு குழந்தை மழலையில் சொன்னபோது கைதட்டிற்று. சுப்ரமணியம் இந்த உளவியலை அறிந்தே பயன்படுத்தினார் என்பது என் எண்ணம். ஆனால் பெயரை ஏற்றுக்கொண்ட வீடுகள் அந்தக் கேள்விகளையும் ஏற்றுக்கொண்டனவா? எங்கள் ஆயா மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டார். மீன் கூடை தூக்கினார்.

மறு ஆண்டே, 1938-இல், பிரேம்சந்தின் நாவலைத் தழுவி 'சேவாசதனம்' எடுத்தார். இளம் பெண்ணை வயது முதிர்ந்தவருக்குக் கட்டிக்கொடுக்கும் கொடுமை அதன் பொருள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அதுவே முதற்படம். 1939-இல் கல்கியின் 'தியாகபூமி'. கதை ஆனந்த விகடனில் படக்காட்சிகளுடன் தொடராக வந்தது. கணவனால் துன்புற்ற சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும், அவள் மகள் சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தனர். தேசிய உணர்ச்சியைத் தூண்டுவதாகக் கூறி ஆங்கில அரசு பின்னர் இப்படத்தைத் தடை செய்தது.

இழப்புகளும் அவருக்குக் குறைவில்லை. சென்னை மவுண்ட் ரோடில் அவர் பங்கு கொண்டு நடத்திய ஸ்டுடியோ தீக்கிரையாயிற்று. அதை ஏலத்தில் எடுத்த எஸ்.எஸ். வாசன் ஜெமினி ஸ்டுடியோவாக்கினார். சுப்ரமணியமோ சோர்ந்துவிடவில்லை. 1941-இல் 'கச்ச தேவயானி'யில் டி.ஆர். ராஜகுமாரியைக் கதாநாயகியாக்கிப் புகழ்பெறச் செய்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாமா என்று ஊர் வாதிட்டுக் கொண்டிருந்த நாளில் 'நிருத்யோதயா' என்னும் நடனப் பள்ளியைத் தொடங்கினார். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் இவருடைய மகளே.

பேபி சரோஜா மூன்றே படங்களில் நடித்தார். 1941-இல் வந்த 'காமதேனு' கடைசி. பிறகு திரைக்கு வரவில்லை. சிறுமியாக அவரைக் கொண்டாடிய திரையுலகம், வளர்ந்த சரோஜாவுக்கு என்ன பாத்திரம் வைத்திருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் அழுகின்ற பாத்திரந்தான்!

சுப்ரமணியம் 1971-இல் காலமானார். பேபி சரோஜா 2019 வரை வாழ்ந்தார். என் வகுப்பில் அறுபது பேர் படிக்கிறோம். வருகைப் பதிவேட்டில் ஒரு சரோஜாவும் இல்லை. பட்டம் படிக்கும் பெண்கள் முப்பத்தேழு பேர் இருக்கிறோம்.