அடுக்களைத் துறவி

இறைவனை நினைத்தற்குரிய இடம் திருக்கோயிலே என்றும், அதற்குரிய காலம் வழிபாட்டு வேளையே என்றும் கருதுவோர் பலர். தொழிலில் ஈடுபட்டிருக்கும்போது இறைவனை மறத்தல் இயல்பே என்று அமைதி கூறுவாரும் உளர். இக்கருத்துப் பொருந்தாது என்பதைத் தம் வாழ்க்கையாலேயே விளக்கியவர் சகோதரர் லாரன்ஸ் என்னும் கிறித்தவப் பெரியார். அவர் கற்றுத் துறைபோகிய புலவரல்லர். மறையுரை ஆற்றும் குருவுமல்லர். பாரிசு நகரத்து மடமொன்றில் உணவு சமைத்த எளிய துறவியே ஆவார்.

அவருடைய இயற்பெயர் நிக்கோலாஸ் எர்மான் என்பது. அவர் 1614-ஆம் ஆண்டளவில், லொரேன் நாட்டிலே, லூனேவில் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அந்நாடு இப்போது பிரான்சின் கிழக்குப் பகுதியில் அடங்கியுள்ளது. அவருக்கு 18 வயதானபோது, பனிக்காலத்து ஒருநாள், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரமொன்றைக் கண்டார். உலர்ந்ததுபோல் தோன்றும் அம்மரம் சில நாளிற் றளிர்க்கும், பின்னர்ப் பூக்கும், காய்க்கும் என்று எண்ணினார். அவ்வெண்ணத்தோடு இறைவனுடைய ஆற்றலும் அருளும் அவர் நெஞ்சிற் பதிந்தன. அப்பதிவு இறுதிவரை அழியவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. நிக்கோலாசும் படையிற் சேர்ந்தார். செருமானியப் படைஞர் அவரை ஒற்றரென ஐயுற்றுப் பிடித்துத் தூக்கிலிடுவதாக அச்சுறுத்தினர். அவர் சிறிதும் அஞ்சாமல் நின்றமை கண்டு விடுவித்தனர். 1635-ஆம் ஆண்டில் போரிற் புண்பட்டு, ஊர் திரும்பினார். அதன்பின் கால் ஊனமுற்றவராகவே வாழ்ந்தார். சிலகாலம் ஒரு செல்வரிடம் ஏவலராய் அமர்ந்தார். ஆனால், கைப்பட்ட பொருள்களையெல்லாம் உடைத்துவிடும் திருத்தமற்ற ஏவலர் என்றே தம்மை அவர் பிற்காலத்திற் கூறிக்கொண்டார்.

1640-ஆம் ஆண்டில் அவர் பாரிசு நகரத்துக் கார்மேல் சபை மடத்தை அடைந்து, லாரன்ஸ் என்னும் துறவுப் பெயர் பூண்டார். தம் குறைகளுக்காக அங்கே கடுந்துன்பம் நேருமென எதிர்பார்த்தார். மடத்தார் அவரை அடுக்களைக்கு அனுப்பினர். சமையல் தொழிலோ அவருக்கு இயல்பாகவே வெறுப்பூட்டுவது. எனினும், இறைவன்பால் வைத்த அன்பினால் அதனை ஏற்று, ஏறத்தாழ 15 ஆண்டுகள் இனிது செய்துவந்தார்.

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் இறைவன் துணையை வேண்டுவார். வேலை நடக்கும்போது, அருகிருக்கும் நண்பரோடு உரையாடுவார் போல, உள்ளத்துள் அவனோடு பேசிக்கொண்டிருப்பார். முடிந்தபின் தாம் செய்ததை ஆராய்வார். நன்றாயின் நன்றி கூறுவார். பிழையாயின் மன்னிப்பு வேண்டி, மனந்தளராமல் மீண்டும் தொடங்குவார். தரையிற் கிடக்கும் துரும்பொன்றை எடுப்பதாயினும் இறையன்பின் பொருட்டே எடுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பலர் ஒருங்கே வந்து பலவற்றைக் கேட்கும் அடுக்களை ஆரவாரத்திலும், கோயிலில் முழந்தாட்படியிட்டிருப்பார் போன்ற அமைதி அவர்பால் விளங்கிற்று.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்குதற்கு அவரைப் பர்கண்டி நாட்டிற்கு அனுப்பினர். அவர்க்கு வாணிகத் திறமும் இல்லை, காலும் உதவவில்லை. படகிலே மிடாக்களின்மேல் உருண்டே அவர் இடம்பெயர்ந்தார். ஆயினும், அச்செயலை இறைவனதாகவே கருதிச் சென்றமையால் கலக்கமுறவில்லை. சென்ற கருமமும் செவ்விதின் முடிந்தது.

இவ்வமைதி எளிதிற் கிடைத்ததன்று. மடம் புகுந்தபின் ஏறத்தாழ 10 ஆண்டுகள் அவர் உள்ளம் பெரிதும் வருந்திற்று. தம் பாவங்கள் கண்முன் நின்றன. தாம் இறைவனாற் கைவிடப்பட்டவரோ என்னும் அச்சம் அலைத்தது. இறுதியில், தமக்கு வீடுபேறு கிட்டினும் கிட்டாதொழியினும், உயிருள்ளவரை இறைவனை அன்பு செய்வதே தம் கடன் எனத் துணிந்தார். பயன் கருதாத அத்துணிவு பிறந்தவுடன் துன்பம் அகன்றது; ஆழ்ந்த அமைதி உள்ளத்தில் நிலைபெற்றது.

பின்னர்க் கால்நோவு மிகுந்தமையால் மடத்தார்க்குச் செருப்புத் தைக்கும் பணியை மேற்கொண்டார். தொழில் மாறிற்று, அவர் நினைவு மாறவில்லை. 1666-ஆம் ஆண்டில் பொபோர் என்னும் குரு அவரைக் கண்டு உரையாடி, கேட்டவற்றைக் குறித்துவைத்தார். பேரறிஞராகிய பெனெலோனும் அவரை நேரிற் கண்டு பேசினார். லாரன்ஸ் 1691-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் பொபோர் தொகுத்து 1692, 1694-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அவை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, சபை வேறுபாடின்றிக் கிறித்தவர் பலராலும் போற்றப்படுகின்றன.

பெருஞ்செயல் செய்யும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சிறுதொழிலோ எல்லார்க்கும் உண்டு. விரும்பாத தொழிலையும் அன்பினால் வழிபாடாக்கிக்கொண்ட லாரன்சுக்கு அடுக்களையே திருக்கோயிலாயிற்று. செய்யும் தொழிலின் பெருமை அதன் அளவில் இல்லை, அதனைச் செய்வாருடைய அன்பில் உள்ளது என்னும் உண்மைக்கு அவர் வாழ்க்கையே சான்று.