மேரி அக்வொர்த் எவர்ஷெட்

மேரி அக்வொர்த் எவர்ஷெட் (ஜனவரி 1, 1867 – அக்டோபர் 25, 1949) ஆங்கிலேய வானியலாளரும் எழுத்தாளரும் ஆவார். 1907 முதல் 1923 வரை பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலில் வாழ்ந்தார். அக்காலத்தில் தம் கணவர் ஜான் எவர்ஷெட்டுடன் இணைந்து சூரிய ஆய்வுகளில் ஈடுபட்டார். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் படைப்புகளில் காணப்படும் வானியலை விளக்கும் நூலையும் அங்கு வாழ்ந்தபோதே வெளியிட்டார். பல்கலைக்கழகப் பட்டமோ ஆய்வுக்கூடத்தில் ஊதியப் பதவியோ இல்லாமல் இவ்விரு துறைகளிலும் பணியாற்றியவர் என்பது இவரது சிறப்பு.

இளமை

மேரி இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஆண்ட்ரூ ஓர், லூசி அக்வொர்த் இணையருக்கு மகளாகப் பிறந்தார். தாயின் குடும்பப் பெயரே இவரது நடுப்பெயராயிற்று. திருமணத்திற்கு முன் எம். ஏ. ஓர் என்ற பெயரில் எழுதி வந்தார். தந்தை இவரது சிறு வயதிலேயே காலமானார். அக்கால நடுத்தர வர்க்கப் பெண்கள் பலரையும் போல இவரும் வீட்டிலேயே கல்வி பயின்றார்.

இருபது வயதை ஒட்டி ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணம் மேற்கொண்டார். 1888 முதல் 1890 வரை இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தங்கியிருந்தார். தாந்தே (1265–1321) பிறந்த நகரம் அது. அங்கு இத்தாலிய மொழியைக் கற்று, தாந்தேயின் படைப்புகளை மூலத்திலேயே படித்தார். அவற்றில் விண்மீன்களையும் கோள்களையும் பற்றிய குறிப்புகள் நிறைந்திருந்தது இவரது கவனத்தை ஈர்த்தது. இந்த ஆர்வம் நூலாக உருவெடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆஸ்திரேலியாவும் தென்வானமும்

1890-ல் குடும்பத்தினருடன் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கு தெரியும் வானம் ஐரோப்பியருக்குப் புதியது. துருவ விண்மீன் அங்கு தெரியாது. தென்சிலுவை போன்ற விண்மீன் கூட்டங்கள் வானில் உயர்ந்து நிற்கும். தென்வானத்தைப் பார்த்துப் பழக விரும்பும் சாதாரண மக்களுக்கு ஏற்ற நல்ல வழிகாட்டி நூல் இல்லாததைக் கண்ட மேரி, தாமே ஒன்றை எழுத முற்பட்டார். ஆஸ்திரேலியாவின் முன்னணி வானியலாளரான ஜான் டெபட் இவருக்கு ஊக்கமளித்தார். தென்வான விண்மீன்களுக்கான இந்த எளிய வழிகாட்டி 1890-களில் வெளிவந்தது. இதுவே இவரது முதல் நூல் ஆகும்.

1895-ல் இங்கிலாந்து திரும்பிய மேரி, பிரித்தானிய வானியல் கழகத்தில் சேர்ந்தார். 1890-ல் தொடங்கப்பட்ட இக்கழகம் ஆர்வலர்களுக்கானது. தொடக்கம் முதலே பெண்களை உறுப்பினராக ஏற்றது. தொன்மை வாய்ந்த அரச வானியல் கழகமோ பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. அங்கு முதல் பெண் உறுப்பினர்கள் 1916-ல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இக்காலத்தில் மேரி தம்மிடம் இருந்த சிறிய தொலைநோக்கியைக் கொண்டு ஒளி மாறும் விண்மீன்களை நோக்கி வந்தார்.

திருமணமும் கொடைக்கானல் வருகையும்

1896 ஆகஸ்டில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, பிரித்தானிய வானியல் கழகக் குழு ஒன்று நார்வேயின் வடகோடியில் உள்ள வாட்சோ என்னும் ஊருக்குச் சென்றது. மேகங்கள் மறைத்ததால் கிரகணம் தெரியவில்லை. ஆயினும் இப்பயணத்தில்தான் மேரியும் ஜான் எவர்ஷெட்டும் (1864–1956) அறிமுகமாயினர். ஜான் தொழில்முறையில் வேதியியல் பகுப்பாய்வாளர். ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளால் சூரியனை ஆராய்ந்து வந்தார். இருவரும் 1906-ல் திருமணம் செய்துகொண்டனர்.

அதே ஆண்டில் ஜானுக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் உதவி இயக்குநர் பதவி கிடைத்தது. அமெரிக்கா, ஜப்பான் வழியாகப் பயணம் செய்த இணையர் 1907 தொடக்கத்தில் கொடைக்கானலை அடைந்தனர். வழியில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வுக்கூடத்தையும் பார்வையிட்டனர்.

அப்போது கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை இல்லை. பின்னாளில் கொடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்ற அம்மையநாயக்கனூர் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் வரை செல்ல வேண்டும். அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதையில் குதிரை மீதோ, ஆட்கள் சுமந்து செல்லும் நாற்காலியிலோ, நடந்தோ மேலே ஏற வேண்டும். ஆய்வுக்கூடத்தின் கருவிகளும் புத்தகங்களும் இவ்வாறே மலையேறின. 1910-களின் நடுப்பகுதியில் சாலை திறக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது.

கொடைக்கானலின் சூழல்

1876–78 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. சூரியனைத் தொடர்ந்து நோக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. இதன் விளைவாகக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. சார்லஸ் மிச்சி ஸ்மித் இதன் முதல் இயக்குநர் ஆவார். அவர் ஓய்வு பெற்றபின், 1911-ல் ஜான் எவர்ஷெட் இயக்குநரானார்.

அன்றைய கொடைக்கானல் சிற்றூரே எனினும் அறிவுத்துறையினர் பலர் கூடிய இடமாகவும் இருந்தது. செண்பகனூரில் இயேசு சபைத் துறவிகளின் கல்லூரி இருந்தது. அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1901-ல் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தனர். ஆல்பிரட் கிப்ஸ் போர்ன் பழனி மலைத் தாவரங்களைச் சேகரித்தார். அவரது மனைவி அவற்றை ஓவியங்களாகத் தீட்டினார். அந்த ஓவியங்கள் பி. எப். பைசன் எழுதிய நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரவியல் நூலில் இடம்பெற்றன. கணவர் பதவி வகிக்க, மனைவி பதவியின்றி அறிவுப்பணி செய்யும் நிலை எவர்ஷெட் இல்லத்தில் மட்டும் காணப்பட்டதன்று என்பதை இது காட்டுகிறது.

சூரிய ஆய்வுகள்

கொடைக்கானலில் காலை நேரங்களில் வானம் தெளிவாக இருக்கும். பிற்பகலில் பெரும்பாலும் மேகம் சூழும். எனவே நோக்கல் பணி காலையிலேயே நடைபெற்றது. நிறமாலை சூரியப் படக்கருவி என்னும் கருவி இதற்குப் பயன்பட்டது. இக்கருவி சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, ஒரே ஒரு நிறக்கோட்டின் ஒளியை மட்டும் மெல்லிய பிளவு வழியாக அனுப்பும். சூரியனின் பிம்பம் அப்பிளவைக் கடந்து நகரும்போது, அந்த ஒரே நிறத்தில் சூரியனின் முழுப் படமும் கண்ணாடித் தகட்டில் பதியும். கால்சியம் தனிமத்தின் ஊதாநிறக் கோடு இதற்கு முதன்மையாகப் பயன்படுத்தப்பட்டது. சூரிய வட்டத்தை ஓர் உலோகத் தகட்டால் மறைத்துவிட்டால், விளிம்பிலிருந்து எழும் ஒளிரும் வளிம முகில்களான சுடர்நாக்குகளைப் படம் பிடிக்கலாம். நாள்தோறும் இப்படங்களை எடுக்கும் பணியில் இந்திய உதவியாளர்களும் ஈடுபட்டனர்.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் ஒரு முக்கிய கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதைக் கண்ட அவர், புள்ளியின் மையத்திலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்கிறது என்று நிறுவினார். இது எவர்ஷெட் விளைவு என அழைக்கப்படுகிறது.

மேரியின் கவனம் சுடர்நாக்குகளின் மீது இருந்தது. சூரியப் புள்ளிகளுடன் தொடர்புடைய சுடர்நாக்குகளின் வடிவங்களையும் அசைவுகளையும் வகைப்படுத்தி, 1913-ல் அரச வானியல் கழகத்தின் இதழில் தம் பெயரில் கட்டுரை வெளியிட்டார். அக்கழகம் அப்போது பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கட்டுரை ஏற்கப்பட்டது, கட்டுரையாளர் உறுப்பினராக இயலவில்லை.

1890 முதல் 1914 வரையிலான சுடர்நாக்கு நோக்கல்களை இணையர் இருவரும் தொகுத்து ஆராய்ந்தனர். ஜான் இங்கிலாந்தில் தம் சொந்த ஆய்வுக்கூடத்தில் செய்த பதிவுகளும் கொடைக்கானல் படங்களும் இதில் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, சூரியனின் எப்பகுதியில் எவ்வளவு சுடர்நாக்குகள் எழுகின்றன என்று அட்டவணைப்படுத்தும் பொறுமையான பணி இது. இதன் முடிவுகள் 1917-ல் கொடைக்கானல் ஆய்வுக்கூட வெளியீடாக இருவரது பெயரிலும் வெளிவந்தன. மனைவியரின் உழைப்பு நன்றியுரையோடு முடிந்துவிடும் வழக்கம் இருந்த காலத்தில், இணை ஆசிரியராக மேரியின் பெயர் இடம்பெற்றது.

தாந்தேயும் முற்கால வானியலாளரும்

மேரியின் முதன்மைப் படைப்பான இந்நூல் 1913–14 காலப்பகுதியில் இலண்டனில் வெளிவந்தது. புளோரன்சில் தொடங்கிய ஆர்வம், பெரிய நூலகங்களுக்கு வெகு தொலைவில் இருந்த மலையூரில் நிறைவு பெற்றது. நூலின் ஆசிரியர் பெயராக எம். ஏ. ஓர் என்ற பழைய பெயரும் அதனுடன் திருமதி ஜான் எவர்ஷெட் என்ற அடையாளமும் தரப்பட்டன.

நூலின் முற்பகுதி பழங்கால மக்கள் வானை நோக்கிய விதத்திலிருந்து தொடங்கி, கிரேக்கர், தாலமி, அரபு வானியலாளர்கள் வழியாகத் தாந்தேயின் காலம் வரையிலான வானியல் வரலாற்றைக் கூறுகிறது. பிற்பகுதி தாந்தேயின் படைப்புகளில் உள்ள வானியல் குறிப்புகளை ஆராய்கிறது.

தாந்தேயின் அண்டத்தில் பூமி மையத்தில் உள்ளது. அதைச் சுற்றி நிலவு, புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றின் வானங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நவக்கிரகங்களில் இராகு, கேது நீங்கலான ஏழும் இவையே. இவற்றுக்கு அப்பால் விண்மீன்களின் வானமும், அனைத்தையும் சுழற்றும் வானமும் உள்ளன. தாந்தேயின் பெருங்காப்பியமான தெய்வீக நாடகத்தின் மூன்று பாகங்களும் விண்மீன்கள் என்னும் சொல்லுடன் முடிவடைகின்றன. காப்பியத்தில் கடந்து செல்லும் பொழுது, சூரியன், நிலவு, விண்மீன்கள் ஆகியவற்றின் நிலைகளாலேயே பல இடங்களில் உணர்த்தப்படுகிறது. அரபு வானியலாளர் அல்பர்கானியின் நூலைத் தாந்தே இலத்தீன் மொழிபெயர்ப்பில் அறிந்திருந்தார்.

வானியல் அறியாத இலக்கிய வாசகர்கள் இப்பகுதிகளைப் புரியாத அலங்காரமாகக் கருதிக் கடந்துவிடுவதுண்டு. எடுத்துக்காட்டாக, காப்பியத்தின் இரண்டாம் பாகத்தில் தாந்தே தென்கோளத்தில் உள்ள மலை ஒன்றில் நிற்கிறார். கிழக்கு நோக்கி நிற்கும் தமக்கு இடப்புறத்தில், அதாவது வடக்கே, சூரியன் செல்வதைக் கண்டு வியக்கிறார். ஐரோப்பாவில் சூரியன் எப்போதும் நண்பகலில் தெற்கே தெரிவதால் அங்குள்ளவர்களுக்கு இது வியப்பானது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது எளிதில் விளங்கும். வட அகலாங்கு சுமார் 10 பாகையில் உள்ள கொடைக்கானலில், சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலிருந்து வடக்கே சாய்ந்திருக்கும். மேலும், வடக்கு அடிவானில் தாழ்வாகத் துருவ விண்மீனையும் தெற்கே தென்சிலுவையையும் அங்கிருந்து காணலாம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, பழனி மலை ஆகிய மூன்று இடங்களின் வானங்களையும் கண்டு பழகியவர் என்பது மேரிக்கு இருந்த தனித்தகுதியாகும்.

பிற்கால வாழ்க்கை

1922 செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வல்லால் என்னுமிடத்தில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணச் சென்ற கொடைக்கானல் குழுவில் மேரியும் இருந்தார். சூரியனுக்கு அருகே விண்மீன் ஒளி வளைகிறதா என்று பார்த்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிப்பது பயணத்தின் நோக்கம். வானம் தெளிவாக இருந்தும் கருவிக் கோளாறுகளால் கொடைக்கானல் குழுவுக்குப் பயன்தரும் முடிவு கிட்டவில்லை. அதே இடத்திலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழு வெற்றி பெற்றது.

1923-ல் ஜான் ஓய்வு பெற்றதும் இணையர் இங்கிலாந்து திரும்பி, சர்ரே மாவட்டத்தின் யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் குடியேறினர். 1924-ல் மேரி அரச வானியல் கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது இவருக்கு வயது 57.

பிரித்தானிய வானியல் கழகத்தில் வரலாற்றுப் பிரிவு 1930-ல் தொடங்கப்பட்டபோது மேரி அதன் இயக்குநரானார். 1944 வரை அப்பொறுப்பை வகித்தார். அப்பிரிவின் பணியாக 1938-ல் நிலவில் யார் யார் என்ற தொகுப்பு வெளிவந்தது. நிலவின் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் யாருடைய பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன, அவர்கள் யார் என்பதை விளக்கும் நூல் இது.

மேரி தமது 82-ஆம் வயதில், 1949 அக்டோபர் 25 அன்று யூஹர்ஸ்டில் காலமானார்.

மதிப்பீடு

தாந்தே பற்றிய இவரது நூல் அறிவியல் வரலாற்று மாணவர்களுக்கும் இலக்கிய ஆய்வாளர்களுக்கும் நெடுங்காலம் துணை நூலாக விளங்கியது. தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டோரத்தி சேயர்ஸ் இதனைப் பெரிதும் மதித்தார். மேரி மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1956-ல் பார்பரா ரெனால்ட்சின் முன்னுரையுடன் இதன் திருத்திய பதிப்பு வெளிவந்தது.

கொடைக்கானல் ஆய்வுக்கூடம் 1971 முதல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்கி வருகிறது. எவர்ஷெட் இணையர் காலத்துக் கண்ணாடித் தகடுகள் அங்குப் பாதுகாக்கப்பட்டு, எண்ணிம வடிவிலும் மாற்றப்பட்டுள்ளன. சூரியனின் நூறாண்டுக்கு மேற்பட்ட மாற்றங்களை ஆராய்வதற்கு இவை உதவுகின்றன.

நிலவில் உள்ள எவர்ஷெட் என்னும் பள்ளம் ஜான் எவர்ஷெட்டின் நினைவாகப் பெயரிடப்பட்டதாகும்.

எழுதிய நூல்களும் முக்கிய வெளியீடுகளும்

தென்வான விண்மீன்களுக்கு ஓர் எளிய வழிகாட்டி (1890-கள்)
சூரியப் புள்ளிகளுடன் தொடர்புடைய சுடர்நாக்கு வகைகள், ஆய்வுக் கட்டுரை (1913)
தாந்தேயும் முற்கால வானியலாளரும் (1913–14, திருத்திய பதிப்பு 1956)
சுடர்நாக்கு நோக்கல்களின் முடிவுகள், ஜான் எவர்ஷெட்டுடன் இணைந்து (1917)
நிலவில் யார் யார் (1938)