வக்கீல் தொழிலை விட்ட குற்றாலத்துப் பெரியவர்



சீசன் வந்தால் நாம குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். நம்ம குழுக்காரங்க சில பேர் கடை போடவும் போவாங்க. அந்தக் குற்றாலத்திலேயே குடியிருந்து, அங்கேயே கண்ணை மூடிய ஒரு பெரியவரைப் பற்றி இந்த மலரில் எழுதச் சொன்னாங்க. டி.கே.சி. என்றும் ரசிகமணி என்றும் ஊர் அழைத்த டி.கே. சிதம்பரநாத முதலியார்தான் அவர். பூர்வீகம் தென்காசி. படித்தது சட்டம்.

அந்தக் காலத்தில் வக்கீல் என்றால் சும்மாவா? வெள்ளைக்கார ஆட்சியில் கௌரவமும் காசும் சேர்ந்து வரும் தொழில் அது. டி.கே.சி.யும் திருநெல்வேலியில் வக்கீலாகப் பலகை மாட்டினார். ஆனால் மனசு கோர்ட்டில் நிற்கவில்லை, கம்பன் பாட்டில் நின்றது. வக்கீலுக்கு மாசச் சம்பளம் கிடையாது பாருங்க. கேஸ் நடத்தினால்தான் வரும்படி. பாட்டு பாட்டு என்று உட்கார்ந்தால் கட்சிக்காரன் வேறு வக்கீலைத் தேடிப் போயிருவான். அது தெரிந்தேதான் அவர் உட்கார்ந்தார்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றம் வட்டமாக இருக்கும். 1920-களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் விழுந்தது. நாம வாரக் கூட்டத்துக்குப் பாய் விரித்து வட்டமா உட்காருவோமே, அதே மாதிரிதான். நமக்குக் கணக்கு நோட்டு, அவங்களுக்குக் கம்பன்.

பாட்டை அவர் சொல்லும் விதமே தனி. பதவுரை, பொழிப்புரை என்று பள்ளிக்கூடத்தில் நம்மை விரட்டினாங்களே, அப்படி இல்லை. ஒரு பாட்டை எடுத்து மெதுவாகச் சொல்வார். நிறுத்துவார். அதே வரியை மறுபடியும் சொல்வார். ஓசை காதில் ஏறிய பிறகுதான் விளக்கத்துக்கே வருவார். அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில். தமிழ்ப் பாட்டை ரசிக்கப் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. முத்தொள்ளாயிரம் என்ற பழைய பாடல்களுக்கும் அப்படித்தான் உரை எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது இதனால்தான்.

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கம்பராமாயணத்தில் பல பாடல்கள் கம்பர் எழுதியதே இல்லை, பின்னால் யாரோ சேர்த்தவை என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இதில் புலவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒருத்தர் ரசனையை வைத்து ஒரு பழைய நூலைக் கழித்துக் கட்டலாமா என்ன? அவர் அசையவில்லை.

இடையில் அறநிலைய வாரியத்தில் ஆணையர் பதவியும் வந்தது. பெரிய பதவி. 1930-களின் நடுவில் அதுவும் முடிந்தது. பிறகு சென்னையிலேயே இருந்து இன்னொரு பதவியைத் தேடாமல் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தார்.

அப்புறம் அந்த வீடு சும்மா இருக்கவில்லை. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். பெயர் தெரியாத வாலிபர்களும் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பாட்டும் உண்டு, சாப்பாடும் உண்டு. கம்பன் பற்றி அவர் எழுதியது கல்கி பத்திரிகையில் தொடராக வந்தது. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு கேட்க வேண்டும் என்று இவரும் சேர்ந்து நின்றார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துது. வக்கீல் வரும்படியை விட்ட வீட்டில், வருகிறவர்களுக்கெல்லாம் உலை வைத்த பெண்களைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை. தவணை கட்டுகிற நமக்குத்தானே தெரியும், இன்னும் நாலு பேருக்கு இலை போடுவதென்றால் என்னவென்று!

பெரிய துக்கமும் அவருக்கு வந்தது. மகன் தீத்தாரப்பன் தகப்பனுக்கு முன்பே போய்விட்டார். அதற்குப் பிறகும் டி.கே.சி. பாட்டைக் கைவிடவில்லை. நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவும் வந்தன.

1954 பிப்ரவரி 16-ஆம் தேதி குற்றாலத்தில் காலமானார். அவர் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த சீசனில் கடையை ஒரு அரைமணி நேரம் பக்கத்து அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, நான் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்க.